ஓட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் வன்னித் தாய்மாருக்கு: தன்னைப் பேணுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஓட்டிசம் (பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை நகரத்து வீடொன்றை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அங்கே கதவைப் பூட்டினால் பிள்ளை உள்ளேதான் இருக்கும், மாலையில் வீடு திரும்ப இன்னொருவர் இருப்பார், சிகிச்சையாளர் அரை மணித்தியாலத் தூரத்தில் இருப்பார். வன்னியில் வீடென்பது திறந்த வளவு. வளவுக்குள் கிணறு, வேலிக்கு அப்பால் வாய்க்கால், இன்னும் சற்றுத் தள்ளினால் குளக்கட்டு. கணவரைப் போரில் இழந்தவர்களும், கணவர் கட்டாரிலோ கொழும்பிலோ உழைத்துக்கொண்டிருப்பவர்களும், கூலி வேலைக்குப் போய்த்தான் அடுப்பு மூட்ட வேண்டியவர்களும் இங்கே அதிகம். இப்படிப்பட்ட தாயிடம் “தினமும் ஒரு மணித்தியாலம் உங்களுக்காக ஒதுக்குங்கள்” என்று சொன்னால், அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்தத் தாய்மாரை உருக்குவது வேலையின் பாரத்தைவிட, ஒருபோதும் முடியாத காவல்தான். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் ஒரு காது பிள்ளையின் பக்கமே திரும்பியிருக்கிறது. கண் மூடினாலும் அந்தக் காது மூடுவதில்லை. ஆகவே, காவலின் தேவையைக் குறைப்பதும், மிஞ்சும் காவலில் ஒரு பங்கை இன்னொருவரிடம் நம்பிக்கையோடு ஒப்படைப்பதும்தான் தன்னைப் பேணுதலின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். கீழேயுள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் வருகின்றன.

முதலாம் படி: வளவைப் பாதுகாப்பாக்குதல்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் கணிசமானோர் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறும் பழக்கம் உடையவர்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. இப்படி வெளியேறும் பிள்ளைகளின் உயிரிழப்புகளில் நீரில் மூழ்குதலே முன்னிற்கும் காரணம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் இருந்து வாய்க்கால் பாயும் எங்கள் ஊர்களில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கிணற்றுக்குக் கட்டு இருந்தாலும் அது போதாது, ஏனென்றால் ஐந்து வயதுப் பிள்ளை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிவிடும். வெல்டிங் கடையில் இரும்புச் சட்டத்துக்குக் கம்பி வலை அடித்து, நடுவில் வாளி இறங்கும் அளவுக்கு ஒரு சிறு கதவு வைத்து, அந்தக் கதவுக்குக் கொளுக்கி போட்டு மூடுவதுதான் சரியான வழி. அதற்குப் பணம் சேரும்வரை, கிணற்றடியைச் சுற்றித் தகரத்தால் அடைத்து ஒரு படலை வைக்கலாம். வளவுப் படலையின் கொளுக்கியை வெளிப்பக்கமாகவும், பிள்ளையின் கை எட்டாத உயரத்திலும் மாற்றுங்கள். பெரியவர்கள் அவசரத்தில் உள்ளிருந்தபடியே கையை மேலால் போட்டுத் திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். படலையில் ஒரு சிறிய மணியையோ, கற்கள் போட்ட பால்மாப் பேணியையோ கட்டித் தொங்கவிட்டால், அது அசையும்போது உங்கள் காதுக்கு முதல் சொல்லிவிடும்.

பிள்ளையின் சட்டை உட்புறத்தில் தொலைபேசி இலக்கத்தைத் தைத்துவிடுங்கள். அருகிலுள்ள கடை, முன்பள்ளி, கோயில், குளக்கட்டால் வழமையாகப் போய்வருகிறவர்கள் ஆகியோரிடம் பிள்ளையைக் காட்டி, “இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எனக்கு அழையுங்கள்” என்று சொல்லி வைக்க வேண்டும். இதை வெட்கமாக நினைக்கும் தாய்மார் உண்டு. ஆனால் ஊருக்குத் தெரிந்த பிள்ளைக்கு ஊரின் கண்களும் காவலாகும்.

இந்த வேலைகளுக்கு ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. இவை முடிவதற்கு முன் தியானமும் மூச்சுப் பயிற்சியும் பேசிப் பயனில்லை.

இரண்டாம் படி: தூக்கம்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு. பிள்ளை நள்ளிரவு ஒன்றுக்கு எழுந்து மூன்றுவரை சிரித்துக்கொண்டோ குதித்துக்கொண்டோ இருக்கும்போது, தாயும் அந்த இரண்டு மணித்தியாலத்தை இழக்கிறார். பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தது என்பதை இரண்டு கிழமைக்குக் கொப்பியில் குறித்து, கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். “நித்திரை இல்லை” என்ற சொல்லைவிட அந்தத் தாளுக்கு வைத்தியர் கூடுதல் கவனம் கொடுப்பார். மலச்சிக்கல், பல்வலி, மூக்கடைப்பு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவையும் பிள்ளையின் நித்திரையைக் குழப்பும். இவை சோதித்துத் தீர்க்கக்கூடியவை. நித்திரைக்கான மருந்து தேவையா என்பதை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்கும் இருமல் பாணியை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

தாயின் பக்கத்தில் செய்யக்கூடியது இது: பிள்ளை உறங்கிய பின் மீதமுள்ள பாத்திரங்களைக் கழுவாமல், பிள்ளையுடன் சேர்ந்தே படுத்துவிட வேண்டும். இரவில் முதல் கிடைக்கும் நான்கு மணித்தியாலத் தொடர் உறக்கம் பெறுமதியானது, பாத்திரம் காலையிலும் அங்கேயே இருக்கும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்து, ஒருவர் ஒரு மணிவரை, மற்றவர் அதற்குப் பின் என்று முறை வைப்பது, இருவரும் அரைகுறையாக விழித்திருப்பதைவிட நல்லது.

மூன்றாம் படி: காவலைக் கைமாற்றுதல்

இதுதான் கடினமானது, ஆகவே இதில் சற்று நேரம் செலவிடுவோம். “நான் பார்க்கிறேன், நீ போய்ப்படு” என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், பத்தாவது நிமிடத்தில் பிள்ளை கத்தத் தொடங்கும், தாய் எழுந்து வந்துவிடுவார். பிறகு இரு பக்கமும் அந்த முயற்சியைக் கைவிட்டுவிடும். பழுது உறவினரின் மனதில் இல்லை. பிள்ளையைப் பார்ப்பது எப்படி என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு தாளில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். தாகம் எடுத்தால் என்ன செய்வார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், எதைத் தின்பார், எதைத் தொட்டால் உமிழ்வார், எந்தப் பக்கமாக ஓடுவார், குழம்பினால் எது அவரைத் தணிக்கும் என்பவை அதில் இருக்கட்டும். ஒரு தாயின் தாளில், “மிளகாய் அரைக்கும் மெசின் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவார், அப்போது பழைய சாரத்தைத் தலையில் போர்த்திவிட்டால் அடங்குவார்” என்றிருந்தது. தாய்க்குப் பழகிப்போன விடயம் அது, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ அந்த ஒரு வரிதான் எல்லாம்.

பிறகு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். அம்மம்மாவாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், பாடசாலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பொதுவாக உதவி கேட்டால் பொதுவான ஆறுதலே கிடைக்கும். குறித்துக் கேட்க வேண்டும்: “அக்கா, செவ்வாய்க்கிழமை நாலு மணியில இருந்து அஞ்சு மணி மட்டும் இவனோட விறாந்தையில இருக்க ஏலுமோ? தண்ணி விடாய்ச்சா வாளியைத் தட்டுவான், கப்பில குடுத்தாப் போதும்.” நாளும் நேரமும் வேலையும் தெளிவாக இருந்தால், மறுப்பதற்கும் இலகு, ஏற்பதற்கும் இலகு.

முதல் கிழமை நீங்களும் உடனிருந்து, அவர் பிள்ளையோடு இருப்பதைப் பாருங்கள். திருத்தத் தோன்றினாலும் உயிருக்கு ஆபத்தில்லாதவரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. அடுத்த கிழமை அறைக்குள் போங்கள், அதற்கடுத்த கிழமை படலைக்கு வெளியே. பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதால், இரண்டு படங்களைக் காட்டிப் பழக்கலாம்: அம்மா போகும் படம், அம்மா வரும் படம். கள்ளமாக நழுவிப் போகாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால், பின்னர் நீங்கள் கழிவறைக்குப் போனாலும் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

உறவினர் யாரும் இல்லாத தாய்மாருக்கு இன்னொரு வழி உண்டு. கிளினிக்கிலோ பாடசாலையின் விசேட கல்வி அலகிலோ சந்திக்கும் இன்னொரு தாயோடு முறைமாற்றிப் பார்த்துக்கொள்வது. சீட்டுப் பிடிப்பதைப் போல, இந்தக் கிழமை உங்கள் முறை, அடுத்த கிழமை அவர் முறை. ஓட்டிசம் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒருவர் என்பது இதன் பெரிய நன்மை. ஐந்தாறு தாய்மார் சேர்ந்துவிட்டால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடத்தை மாதத்தில் ஒரு பிற்பகல் கேட்கலாம்.

கிடைத்த அந்த ஒரு மணித்தியாலத்தில் வீட்டு வேலை செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். படுக்கலாம், தலைக்கு எண்ணெய் வைத்து ஆறுதலாக முழுகலாம், சனம் இல்லாத நாளில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கோ மடு மாதா கோயிலுக்கோ போய் ஒரு மூலையில் சும்மா இருக்கலாம். திருவிழா ஒலிபெருக்கிக்குப் பயந்து ஆண்டுக்கணக்காகக் கோயில் வாசல் மிதிக்காத தாய்மாருக்கு இது சின்ன விடயமில்லை.

நான்காம் படி: உடம்பு

பிள்ளையின் கிளினிக் கொப்பி பத்திரமாக இருக்கும் வீட்டில், தாயின் கொப்பி எங்கே என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் அங்கே கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது, இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை ஆகியவையும் உண்டு.

களைப்பு முழுவதையும் மனதின் தலையில் போட்டுவிட வேண்டாம். எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதைத் தின்று, உடனே ஒரு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் இரத்தச்சோகைக்கு நல்ல வழி, ஏனென்றால் தேயிலையிலுள்ள பொருட்கள் உணவின் இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தடுக்கின்றன. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்து, கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்து, பிள்ளைக்கு ஊட்டுவதற்கு முன் நீங்கள் நாலு வாய் சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு இருப்பவருக்குப் பொறுமை முதலில் போய்விடும்.

வளர்ந்த பிள்ளையைத் தூக்க வேண்டி வந்தால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் தூக்குவதை நிறுத்தி, கையைப் பிடித்து நடத்தப் பழக்குவதுதான் இருவருக்கும் நல்லது.

ஐந்தாம் படி: பிள்ளை குழம்பும் வேளை

சத்தம், கூட்டம், எதிர்பாராத மாற்றம் ஆகியவை தாங்க முடியாமல்போகும்போது பிள்ளை கத்தும், தலையை இடிக்கும், கடிக்கும். அது அடம் அல்ல, ஆகவே அடித்தோ ஆசை காட்டியோ அதை நிறுத்த முடியாது. சொற்களைக் குறைத்து, சனத்தை விலக்கி, தலைக்குக் கீழே தலையணை வைத்து, புயல் ஓயும்வரை பக்கத்தில் இருப்பதே செய்யக்கூடியது.

இங்கே தாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009 மே வரை பதுங்கு குழிக்குள் இருந்தவர்களில் பலர் இன்று தாய்மார். பிள்ளையின் திடீர் அலறல் அவர்களின் உடம்பில் வேறொரு அலறலை எழுப்பிவிடுவதுண்டு. நெஞ்சு படபடக்கும், கை குளிரும், ஓட வேண்டும்போல் இருக்கும். மே மாதத்தில் இது கூடும். அந்த நேரத்தில் இரு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி, மூச்சை இழுப்பதைவிட இரு மடங்கு நேரம் வெளியே விட்டு, கண்ணுக்கு முன்னாலுள்ள ஐந்து பொருட்களின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள்: படலை, வாளி, முருங்கை, கதிரை, செருப்பு. இப்போது எந்த ஆண்டு, எந்த வளவு என்பதை உடம்புக்குத் தெரியப்படுத்தும் முறை அது.

கை ஓங்கிவிடுமென்று தோன்றினால், பிள்ளைக்கு ஆபத்தில்லாத இடத்தில் அவரை விட்டு, கண் எட்டும் தூரத்துக்கு விலகி, முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நிமிடம் பிள்ளையைக் கைவிட்டதாகாது. எல்லாம் அடங்கிய பின் உடனே அறிவுரையோ விசாரணையோ வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் சற்று நேரம் இருந்தால் போதும்.

ஆறாம் படி: வாய்ச்சொற்களைக் கீழே வைத்தல்

“வயிற்றில் இருக்கும்போது செல் குண்டுச் சத்தம் கேட்டது”, “முன்வினை”, “போனைக் கொடுத்துக் கெடுத்தாள்”, “தாய் கதைக்காதபடியால் பிள்ளை கதைக்கவில்லை” என்று பழியின் வடிவங்கள் பல. தாயைக் குற்றம் சொல்வது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. சிறுவர் மனநல வைத்தியர் லியோ கானர் 1943இல் ஓட்டிசத்தை விவரித்த பிறகு, பாசமில்லாத தாய்மாரே இதற்குக் காரணம் என்று மேற்கு நாட்டு வல்லுநர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னாட் ரிம்லண்ட் 1964இல் அதை மறுத்து, இது மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது என்று நிறுவ முயன்றார். மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பது இன்று ஐயமற்றது. தடுப்பூசியைக் குற்றம்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றது. போன் கூடினால் பேச்சும் விளையாட்டும் குறையும் என்பது உண்மை, அது ஓட்டிசத்தை உண்டாக்கும் என்பது உண்மையல்ல.

எல்லோரோடும் வாதாட வேண்டியதில்லை. ஒரு வசனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “டொக்டர் இதைப் பிறவியில் வந்தது என்று சொல்லிவிட்டார் மாமி, இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.” மாமி மேலும் கதைத்தால், அதே வசனத்தையே திரும்பச் சொல்லலாம்.

ஏழாம் படி: களைப்பா, நோயா என்று பார்த்தல்

கடந்த இரண்டு கிழமைகளாக அநேகமான நாட்களில் மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் நாட்டம் இல்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால், அதை ஒரு வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்குப் போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். நாலு நாள் குடித்துவிட்டுப் பயனில்லையென்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

“இவனையும் கொண்டு நானும் போய்விடுவேன்” என்று தாய்மார் சொல்வதுண்டு. அதை வெறும் பேச்சென்று தள்ளக்கூடாது. அந்த எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, வீட்டிலுள்ள களைநாசினி, பூச்சிநாசினி, மாத்திரைகளை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலவச அழைப்பு. அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்களுக்கான இலக்கம் 1938.

தாய் தன்னைப் பார்ப்பது சுயநலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உள்ளன. பராமரிப்பவரின் நலனும் அதன் பாடங்களுள் ஒன்று.

எட்டாம் படி: பணமும் பத்திரங்களும்

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சான்றிதழும் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். எடுத்துச்செல்லும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே உள்ளது. ஆகவே இதைக் கையேந்தலாக நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம்.

கிழமைக் கடன் எடுத்து “ஓட்டிசத்தைக் குணமாக்கும்” சிகிச்சைகளுக்குப் போகாதீர்கள். அப்படிக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று கொடுத்த ஊசியால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. கடன் வசூலிக்க வருபவர் படலையில் நிற்கும் வீட்டில் எந்தத் தாய்க்கும் நிம்மதி வராது. பேச்சுச் சிகிச்சைக்கும் வைத்தியர் சந்திப்புக்கும் ஒரே நாளைக் கேட்டு வாங்கினாலே, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போகும் பஸ் காசில் பாதி மிஞ்சும்.

ஒன்பதாம் படி: “எனக்குப் பிறகு?”

இந்தக் கேள்விதான் தாய்மாரை இரவில் எழுப்பிவிடுவது. முழுப் பதில் இன்று இல்லாவிட்டாலும், தொடக்கம் சாத்தியம். மூன்றாம் படியில் எழுதிய அந்த ஒரு பக்கத் தாளை ஒரு கொப்பியாக வளருங்கள். நோய் விபரம், மருந்து, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், உதவித்தொகை விபரம், பிள்ளைக்குத் தெரிந்த வேலைகள், பிள்ளையோடு நன்றாகப் பழகும் மனிதர்களின் இலக்கங்கள் ஆகியவற்றை அதில் சேருங்கள். பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள், தொகை சிறிதானாலும் பாதகமில்லை. சகோதரர்களிடம் “நீதான் இவனைப் பார்க்க வேண்டும்” என்று சிறுவயதிலேயே பாரத்தை ஏற்றாமல், அவர்கள் பெரியவர்களான பின், அவர்களால் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். தானாகக் குளிப்பதும், உடுப்பதும், சோறு போட்டுச் சாப்பிடுவதும் பிள்ளைக்கு நீங்கள் விட்டுச்செல்லக்கூடிய சொத்து. ஒரு வருடத்தில் ஒரு வேலை என்று எடுத்துப் பழக்குங்கள், மாதவிடாய்ச் சுத்தமும் தனிமையில் உடை மாற்றுவதும் பருவ வயதுக்கு முன்பே அந்த வரிசையில் வர வேண்டும். கொப்பியின் ஒரு பிரதி உங்கள் அலுமாரியிலும், இன்னொன்று செவ்வாய்க்கிழமை பிள்ளையோடு இருக்க வருபவரிடமும் இருக்கட்டும். வருடம் பிறந்ததும் இரண்டையும் எடுத்து, மாறியவற்றைத் திருத்திவிடுங்கள்.